விருந்தாளியும் நசுங்கிய பாட்டில்களும்

2024 ஜூலையில் ஒரு மாதப் பயிற்சிக்காக ஜெர்மனி போயிருந்தேன். முடிந்ததும் மியூனிக்கில் மாஸ்டர்ஸ் படிக்கும் பள்ளித் தோழன் வீட்டில் பத்து நாள் டேரா. அரண்மனை, மியூசியம் பற்றியெல்லாம் எழுதப் போகிறேன் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். இது பால் வாங்கப் போன கதை, மாத்திரை வாங்கப் போன கதை.

அவன் காலையில் கல்லூரி, மாலையில் ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலை. நான் சும்மா தின்றுவிட்டுத் தூங்கினால் நன்றாகவா இருக்கும்? "கடை கண்ணி வேலையெல்லாம் நான் பார்த்துக்கறேன் மாப்ள" என்று வாய் விட்டேன். சனி அங்கிருந்துதான் ஆரம்பம்.

சமையலறை மூலையில் காலி பிளாஸ்டிக் பாட்டில்கள் ஒரு பை நிறையக் கிடந்தன. "இதைக் கடையில் குடுத்துட்டு வாடா" என்றான். நம்ம ஊர் ரயிலில் விற்கும் தண்ணீர் பாட்டிலில் 'குடித்தபின் நசுக்கவும்' என்று போட்டிருப்பார்களே, அந்தப் பழக்கம். எடுத்துப்போக வசதியாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் மிதித்து அப்பளமாக்கிக் கொண்டு போனேன். கடையில் ஒரு மிஷின், அதன் ஓட்டையில் பாட்டிலைப் போட வேண்டும். போட்டேன். துப்பியது. மறுபடி போட்டேன். மறுபடி துப்பியது. பின்னால் பத்து பேர் வரிசை!

விஷயம் இதுதான். 2003 முதல் அங்கே கேன், பிளாஸ்டிக் பாட்டில் வாங்கும்போதே கட்டாய டெபாசிட்டும் சேர்த்து வாங்குகிறார்கள். ஒருமுறை பயன்படுத்தும் பாட்டிலுக்கு 25 சென்ட். மிஷின் பார்கோடைப் படித்து ரசீது தரும், அதைக் கல்லாவில் காட்டினால் காசு. நசுக்கியதைப் படிக்க அதற்குத் தெரியாது. நாலு பாட்டில் ஒரு யூரோ, அதாவது அப்போது ஏறக்குறைய 90 ரூபாய். நான் மிதித்தது இருபது பாட்டில்.

அவன் திட்டவில்லை, சிரித்தான். அப்புறம் மெதுவாக, "அது இந்த வாரப் பால், முட்டைக் காசுடா" என்றான். போனில் பேசும்போதெல்லாம் 'செமையா இருக்குடா லைஃப்' என்பானே, அந்த ஆள்தான்.

அடுத்து வந்தது ஞாயிற்றுக்கிழமை. காலையில் அவனுக்கு 39 டிகிரி காய்ச்சல். நம்மூர் என்றால் தெருமுனைப் பெட்டிக்கடையிலேயே மாத்திரை கிடைக்கும். அங்கே பாராசிட்டமால் மருந்துக்கடையில் மட்டும்தான், சூப்பர் மார்க்கெட்டில் கிடையாது. அந்த சூப்பர் மார்க்கெட்டும் ஞாயிறு மூடியிருக்கும் (ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள் போல சில விதிவிலக்குகள் உண்டு). பக்கத்து மருந்துக்கடைக்கு ஓடினேன். பூட்டு. ஆனால் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது, இன்று முறைப்படி எந்தக் கடை திறந்திருக்கும் என்று. முறை வைத்துத் திறக்கிறார்கள், நல்ல ஏற்பாடு.

டிராம் ஏறினேன். பட்டை பட்டையாக இருக்கும் டிக்கெட்டை மடித்து, பெட்டிக்குள் விட்டு முத்திரை குத்த வேண்டும். நகருக்குள் போக இரண்டு பட்டை. குத்தாவிட்டால் கையில் டிக்கெட் இருந்தும் 60 யூரோ அபராதம். முதல் நாளே அவன் பத்து முறை சொல்லிக் காட்டியபோது, "நான் என்ன குழந்தையாடா?" என்று சலித்துக்கொண்டேன். இரண்டாவது நிறுத்தத்தில் சாதாரண உடையில் ஒருவர் எழுந்து அடையாள அட்டையை நீட்டி டிக்கெட் கேட்டார். குத்தியிருந்தேன். அன்றைக்கு அவனை மனசுக்குள் கும்பிட்டேன்.

மருந்துக்கடைக் கதவில் சின்ன ஜன்னல் மட்டும் திறந்தது. வேளை கெட்ட வேளையில் வந்ததற்கு இரண்டரை யூரோ கூடுதல். வயது கேட்டார், வேறு மருந்து சாப்பிடுகிறாரா என்று கேட்டார், 20 மாத்திரை கொடுத்தார். திரும்பி வந்து கஞ்சி வைத்தேன். நான் கொண்டுபோன நார்த்தங்காய் ஊறுகாய் தொட்டுக்கொண்டு குடித்தான்.

அப்போதுதான் அவன் அம்மா வீடியோவில் கூப்பிட்டார்கள். எழுந்து உட்கார்ந்தான், தலை சீவினான், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி முகம் இருட்டாகத் தெரியும்படி திரும்பிக்கொண்டான். "நல்லாருக்கேம்மா, இப்பத்தான் சாப்ட்டேன், அவன்தான் சமைச்சான்." வைத்ததும் என்னிடம், "சொல்லிடாதடா" என்றான். போன குளிர்காலத்தில் இதே காய்ச்சலோடு இதே கடைக்குத் தனியாக அவனே போய் வந்தானாம். அதையும் அன்றுதான் சொன்னான்.

ஊர் சுற்றிப் பார்த்ததில் பாதி மறந்துவிட்டது. இந்தப் பால், பாட்டில், மாத்திரை மட்டும் அப்படியே நிற்கிறது. வெளிநாட்டு நண்பன் வீட்டுக்குப் போகிறீர்களா? சுற்றிக்காட்டச் சொல்வதற்கு முன், அவன் வேலைகளில் ஒன்றிரண்டை வாங்கிச் செய்யுங்கள். அவன் எப்படி இருக்கிறான் என்று அப்போதுதான் தெரியும்.

கிளம்பும் நாள் காலையில் சேர்ந்திருந்த பதினாறு பாட்டில்களையும் குழந்தையைத் தூக்குவது போல் தூக்கிக்கொண்டு போனேன். நாலு யூரோ ரசீது வந்தது. பாலும் முட்டையும் வாங்கி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத்தான் விமான நிலையம் போனேன் :-)