துவக்கின் தாள்

எங்கள் வயல் பாப்பாமோட்டையில் இருந்தது. பன்றிக் காவலுக்கு வாப்பா அனுமதிப்பத்திரத்தோடு இரட்டைக்குழல் துவக்கொன்று வைத்திருந்தார், வருடாவருடம் புதுப்பிப்பார்.

“ஐந்து வெடி வைக்கிற பிரௌனிங் ஒண்டு வாங்குங்க மச்சான்” என்பார் மாமா. அந்த ஓட்டோ-5இல் உதைப்போடு குழலே பின்னுக்குப் போய், வெற்றுக்கோதை எறிந்து, அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும். தோட்டாவின் வலுவுக்கேற்ப உள்ளே உராய்வு வளையத்தை மாற்றிப் போட வேண்டும். உப்புக்காற்றும் மணலும் புகுந்தால் சிக்கிவிடும். இரட்டைக்குழலையோ மடித்தால் போதும். தோட்டா இருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியும். எண்ணெய்த் துணியால் துடைத்தால் வேலை முடிந்தது.

வாப்பாவுக்கு வேறொரு காரணமும் இருந்தது. எங்கள் ஷாபிஈ மத்ஹபில் சன்னம் பட்டே செத்த மான் ஆகாது. உயிர் இருக்கையில் ஓடிப்போய் அறுக்க வேண்டும். “அஞ்சு வெடி வச்சா அறுக்க என்ன மிஞ்சும்?” என்பார்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். துவக்கும் காணி உறுதியும் அங்கேயே போயின. அனுமதிப்பத்திரம் மட்டும் வாப்பாவின் சட்டைப்பையில் புத்தளம் முகாம்வரை வந்தது.

2009இல் போர் முடிந்தபின் காணி கேட்டுப் போனோம். வயலின் பெயர் எழுதியிருந்த ஒரே தாள் அதுதான். கந்தோரில் அதைப் புரட்டிப் பார்த்தவர் முதலில் கேட்டது:

“துவக்கு எங்கே?”