கூரை ஒழுகினால் யாரைக் கூப்பிடுவது?

2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்த ராத்திரி. தாம்பரத்தை அடுத்த எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை. மெழுகுவத்தியை ஏற்றி வைத்துவிட்டு, அத்தைக்கு வெந்நீர் போடச் சமையலறைக்குப் போனேன். அத்தைக்கு வீசிங் உண்டு. குளிர்ந்தால் இழுக்க ஆரம்பித்துவிடும். "இரும்மா, நானும் வர்றேன். இருட்டுல தனியா உக்காந்திருக்கப் பிடிக்கலை" என்று அவரும் மெதுவாக எழுந்து என் பின்னாலேயே வந்தார்.

அடுப்பைக்கூடப் பற்ற வைக்கவில்லை. 'தடால்' என்று ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், அத்தையின் கட்டிலில், சரியாகத் தலையணை மேலே, தோசைக்கல் அகலத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்து கிடக்கிறது! அண்ணாந்து பார்த்தால் துருப்பிடித்த கம்பிகள் இரண்டு வெளியே தெரிகின்றன.

என் கை கால் எல்லாம் நடுங்கியது. அத்தை கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "ஏம்மா, ஜனவரி மாசம்தானே நாப்பதாயிரம் குடுத்து மாடியைச் சரி பண்ணினோம்?" என்று மட்டும் கேட்டார்.

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால், அந்த ஆளைத் தேர்ந்தெடுத்தவள் நான்தான்.

எங்களுடையது 1991-இல் கட்டிய வீடு. கான்கிரீட் தளம், அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, தட்டோடு பதித்த மொட்டை மாடி. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அதிலிருந்தே ஒரு மூலையில் ஈரம் காத்துக்கொண்டிருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது ஈரம் ஒழுகலாகிவிட்டது.

மழை விட்டுச் சில வாரம் இருக்கும். வாசலில் ஒருவர் வந்து நின்றார். கையில் கலர் கலராகப் படம் போட்ட அட்டை. "அக்கா, உங்க வீட்டு மாடியும் ஒழுகுதுங்களா? இந்தத் தெருவிலேயே நாலு வீடு செய்யறோம்க்கா. பத்து வருஷ கேரண்டி!" என்றார். 'அக்கா, அக்கா' என்று வாய்க்கு வாய் கூப்பிட்டதில் நான் விழுந்துவிட்டேன். அந்த நாலு வீடு எது என்று கேட்கத் தோன்றவில்லை.

மாடியை ஒரு பார்வை பார்த்தார். தொள்ளாயிரம் சதுர அடி, அடிக்கு 45 ரூபாய், மொத்தம் 40,500 என்றார். "உங்களுக்காக நாப்பதே போதும்க்கா." கீழே வந்து எங்கே ஒழுகுகிறது என்றுகூடப் பார்க்கவில்லை. "பில் உண்டா?" என்று என்னவர் கேட்டதற்கு, "பில்லு போட்டா பதினெட்டு பர்சன்ட் ஜி.எஸ்.டி. சேரும், அண்ணே. எதுக்கு வீண் செலவு?" என்றார். 7,200 ரூபாய் மிச்சம் என்று நான் முந்திக்கொண்டு தலையாட்டினேன். பணத்தை ரொக்கமாக எண்ணிக் கொடுத்தவளும் நானே.

ஒரே நாளில் வேலை முடிந்தது. ஈரம் காயாத தளத்தின் மேலேயே பளபளவென்று வெள்ளையாக ஏதோ பூசினார்கள். அந்த வெள்ளையைப் பார்த்து நான் பூரித்துப்போனேன்! சித்திரை வெயிலில் அது அப்பளம் மாதிரி உப்பியது. ஆடிக் காற்றில் தோல் தோலாகப் பறந்தது. போன் செய்தால் முதலில் "நாளைக்கு வர்றேங்க்கா" என்றார். பிறகு மணி அடித்தும் எடுக்கவில்லை. அப்புறம் அந்த நம்பரே இல்லை.

காரை விழுந்த மறுநாள் என் பெண், அவர் கொடுத்துவிட்டுப் போன கொட்டேஷன் தாளை எடுத்தாள். மேலே ஜி.எஸ்.டி. எண் அச்சடித்திருந்தது. அரசாங்கத்தின் ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த 15 இலக்க எண்ணைப் போட்டால், அது யாருடையது, எப்போது பதிவானது, இப்போதும் செல்லுபடியா என்றெல்லாம் யாரும் பார்க்கலாமாம். தமிழ்நாட்டில் பதிவானதென்றால் 33 என்று ஆரம்பிக்கும். பார்த்தாள். எண் என்னவோ சரியான எண்தான். ஆனால் அது வேறு ஊரில் இருக்கும் ஒரு ஜவுளி வியாபாரியுடையது! இரண்டு நிமிஷ வேலை. ஜனவரியில் அதைச் செய்திருந்தால்...

அதோடு விட்டாளா? டேப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் அளந்து வந்தாள். 32 அடிக்கு 24 அடி. 768 சதுர அடிதான்! அவர் சொன்ன விலைப்படியே 34,560 ரூபாய்தான் ஆகிறது. 'உங்களுக்காக' என்று 500 ரூபாய் குறைத்தவர், அளவிலேயே ஐயாயிரத்துக்கு மேல் பறித்துவிட்டார்.

நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாமே என்று தெரிந்த வக்கீலைக் கேட்டேன். "போகலாம். ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணமே கிடையாது. இரண்டு வருஷத்துக்குள்ள போடணும். ஆனா பில் எங்கே? எழுதி வாங்கினது எங்கே? ஆளோட சரியான பேரும் விலாசமும் தெரியுமா?" என்றார். எதற்கும் என்னிடம் பதில் இல்லை. 7,200 ரூபாய் மிச்சம் பிடித்த லட்சணம் அது!

சரி, இனி ஏமாறுவதில்லை என்று இந்த முறை நிதானமாகத் தேடினேன். முதலில் போனது எங்கள் பக்கத்து ஹார்டுவேர் கடைகளுக்கு. எந்த மேஸ்திரி பல வருஷமாக இங்கேயே வேலை செய்கிறார், யார் கடன் பாக்கி வைக்காமல் சாமான் வாங்குகிறார் என்பது அவர்களுக்கு அத்துப்படி. ஒரு கடையில் கமிஷனுக்காக யாரையாவது சொல்லக்கூடும். அதனால் இரண்டு, மூன்று கடைகளில் கேட்டு, பொதுவாக வந்த பெயர்களை மட்டும் குறித்துக்கொண்டேன்.

மூன்று பேரைக் கூப்பிட்டேன். முதலாமவர் வீட்டைப் பார்க்காமல் போனிலேயே விலை சொன்னார். அவரை அப்போதே விட்டுவிட்டேன். இரண்டாமவரிடம் எல்லாக் காகிதமும் இருந்தது. ஜி.எஸ்.டி. எண்கூடச் சரியாக இருந்தது. ஆனால் பாதிப் பணம் முன்னாலேயே வேண்டும் என்றார். "ஜல்லி எத்தனை இஞ்ச் கனம் போடுவீங்க, அதை எழுதித் தாங்க" என்றதற்கு, "அதெல்லாம் உங்களுக்குப் புரியாதும்மா, சாரைக் கூப்பிடுங்க" என்றார். எனக்குப் புரியாதா? சாருக்குத்தான் மாடிப்படி எத்தனை என்றே தெரியாது! அவருக்கும் ஒரு கும்பிடு போட்டேன்.

மூன்றாவதாக வந்தவர் வயதான மேஸ்திரி. விசிட்டிங் கார்டு கிடையாது. வந்ததும் மாடிக்குப் போகவில்லை, அத்தையின் அறைக்குத்தான் போனார். "மழை பெய்யறப்போ மட்டும் ஒழுகுதா, வெயில் நாள்லயும் ஈரம் இருக்காம்மா?" என்று கேட்டார். வெயில் நாளிலும் ஈரம் என்றால் குழாயோ, தொட்டியோ காரணமாக இருக்கலாமாம். சுத்தியல் பிடியால் கூரை முழுக்கத் தட்டிப் பார்த்தார். கெட்டியாக இருக்கிற இடத்தில் ஒரு சத்தம், உள்ளே விட்டுப்போன இடத்தில் டொக் டொக்கென்று வேறு சத்தம். எனக்கே வித்தியாசம் தெரிந்தது.

பிறகு மாடியில் காரணத்தைக் காட்டினார். கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற இடத்தில் நீளமாக வெடிப்பு. அதில் ஒரு அரசங்கன்று வேறு! மழைத்தண்ணீர் போகிற குழாயின் வாய், தளத்தைவிட மேடாக இருந்தது. "தண்ணி நிக்குது, வெடிப்பு வழியா இறங்குது, கம்பியைத் துரு பிடிக்க வெக்குது. துரு பிடிச்சா கம்பி பருத்துடும்மா. பருத்தா காரையைத் தள்ளிடும். மேலே எத்தனை பெயிண்ட் அடிச்சாலும் இது நிக்காது" என்றார். ஒழுகலுக்குக் காரணம் என்ன என்று எனக்கு ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் சொன்ன இன்னொரு விஷயத்தில்தான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. "கட்டிலுக்கு மேலே கம்பி எவ்வளவு அரிச்சிருக்குன்னு நான் சொல்லக் கூடாதும்மா. ஒரு எஞ்சினியரைக் கூட்டிட்டு வந்து காட்டிடுங்க. அவர் சரின்னா நான் கை வெக்கறேன்." தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவரை நம்பலாம் அல்லவா? எஞ்சினியர் வந்து பார்த்து, தளம் பலமாகத்தான் இருக்கிறது, துருவைச் சுரண்டித் துருத் தடுப்புப் பூச்சு கொடுத்துப் பூசினால் போதும் என்றார்.

அதற்காக விசாரிக்காமல் விடவில்லை. மேஸ்திரிக்கு ஜி.எஸ்.டி. எண் கிடையாது. வேலைக்கூலி வருமானம் வருஷத்துக்கு 20 லட்சத்துக்குள் இருந்தால் அது கட்டாயமில்லை. அவரிடம் இருந்தது தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தின் அட்டை. 1994-இல் ஏற்பட்ட வாரியம் இது. பதிவு செய்த தொழிலாளிக்கு விபத்து நேர்ந்தால் உதவி கிடைக்கும். கூட வருகிற கொத்தனார், சித்தாள் எல்லோருக்கும் அட்டை இருக்கிறதா, புதுப்பித்திருக்கிறதா என்று பார்த்தேன். மாடி விளிம்பில் நின்று வேலை செய்கிறவர்கள் ஆயிற்றே! அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் காத்திருப்பார்கள். இடுப்பில் கயிறு கட்டாமல் விளிம்புக்குப் போகக் கூடாது என்பதையும் முன்னாலேயே பேசிக்கொண்டேன்.

"நீங்க வேலை செஞ்சு ரெண்டு மழைக்காலம் தாண்டின வீடு ரெண்டு காட்டுங்க" என்றேன். காட்டினார். போன மாசம் முடித்த மாடி எல்லாருடையதும் அழகாகத்தான் இருக்கும். மழை பார்த்த மாடிதான் உண்மையைச் சொல்லும். அந்த வீட்டம்மாக்களிடமே பேசினேன். ஒரு அம்மா, "வேலை சுத்தம். ஆனா சொன்ன நாளுக்கு வர மாட்டார், ரெண்டு நாள் தள்ளித்தான் வருவார்" என்றார். குறையையும் சேர்த்துச் சொன்னதால் நிறைவையும் நம்பினேன்.

பிறகு வெள்ளைத் தாளில் ஒப்பந்தம் எழுதினோம். அவருடைய ஆதார் அட்டையைப் பார்த்துப் பெயர், விலாசம். இரண்டு பேரும் சேர்ந்து அளந்த அளவு. என்ன சாமான், எத்தனை கனம், எந்தத் தேதிக்குள், உடைத்த குப்பையை யார் அப்புறப்படுத்துவது, மறுபடி ஒழுகினால் என்ன செய்வார் - எல்லாம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். சாமான் எங்களுடையது, கூலி அவருடையது என்று ஏற்பாடு. ஆரம்பத்தில் ஐந்தில் ஒரு பங்குப் பணம்தான் கொடுத்தேன். பாக்கி, வேலை நடக்க நடக்க. ஐயாயிரம் ரூபாய் மட்டும் ஐப்பசி மழை பார்த்த பிறகு. அவர் முகம் கோணவில்லை. "நியாயம்தாம்மா" என்றார்.

சிமென்ட்டை பில்லோடு நானே வாங்கினேன். மூட்டை மேல் எந்த வாரம், எந்த மாதம் தயாரானது என்று அச்சிட்டிருக்கும். மூன்று மாதத்துக்கு மேல் பழையது என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காலி மூட்டைகளை எண்ணி ஒரு பக்கம் கட்டி வைத்தேன். கணக்குச் சரியாக இருந்தது.

2025 மாசி மாதம் வேலை நடந்தது. இரண்டு நாள் தள்ளித்தான் ஆரம்பித்தார்! கெட்டுப்போன ஓட்டையும் ஜல்லியையும் எடுத்து, வெடிப்பை அடைத்து, சுவரோரத்தை வளைவாகப் பூசி, குழாய் வாயைத் தாழ்த்தி, புதுசாகத் தளம் போட்டார்கள். காய்ந்த பிறகு குழாய் வாயைச் சாக்கால் அடைத்து, இரண்டு இஞ்ச் தண்ணீரை இரண்டு நாள் நிற்க வைத்தோம். அத்தை கீழே நாற்காலி போட்டுக் கூரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். ஒரு சொட்டு இல்லை. ஈரச் சுவரும் பூஞ்சையும் வீசிங்கை அதிகமாக்கும் என்று டாக்டர் எப்போதோ சொல்லியிருந்தார். சுவர் காய்ந்த பிறகு அத்தை ராத்திரியில் பம்ப்பைத் தேடுவது குறைந்திருக்கிறது.

அந்த வருஷம் ஐப்பசியும் கார்த்திகையும் கொட்டித் தீர்த்தபோதும் கூரை காய்ந்தே இருந்தது. மார்கழியில் மேஸ்திரி வந்தார். பாக்கிப் பணத்தை வாங்கும் முன் மறுபடியும் சுத்தியல் பிடியால் கூரையை ஒரு தட்டுத் தட்டினார். அப்புறம்தான் கையை நீட்டினார்.

சகோதரிகளே, வீட்டில் பகல் முழுக்க இருந்து வேலையைப் பார்க்கப் போவது நாம்தான். "உங்களுக்குப் புரியாது" என்றால் கேள்வியை நிறுத்திவிடாதீர்கள். காரணம் சொல்லத் தெரிந்தவரா, எழுதித் தரத் தயங்காதவரா, பழைய வேலையைக் காட்டக் கூடியவரா என்று பாருங்கள். பில்லை விட்டுக்கொடுக்காதீர்கள். ஐப்பசி வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். தை, மாசியிலேயே ஒரு தடவை மாடிக்கு ஏறி, சுவரோரத்தையும் குழாய் வாயையும் பார்த்துவிட்டு வாருங்கள். அரசங்கன்று இருந்தால், சின்னதாக இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள்.