வாப்பாவின் கமராக் கண்ணாடி

மௌலவிக்குக் கமரா எதற்கு என்று மச்சான் ஒருவர் என்னைக் கேலி செய்வதுண்டு. அது நான் வாங்கியதல்ல. வாப்பா சவூதியில் வேலை செய்த காலத்தில் கொண்டுவந்த யாஷிகா. எங்கள் வீடு சாய்ந்தமருதில் கடற்கரையை அண்டி இருந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்து உம்மாவைக் கொண்டுபோயிற்று, அல்பங்களையும் விடவில்லை. கல்யாணமொன்றுக்காகச் சம்மாந்துறைச் சாச்சி வீட்டுக்கு இரவல் போயிருந்ததால் கமரா மட்டும் தப்பியது. உம்மாவின் ஒரு படமும் எங்களிடம் இல்லை. உம்மாவைப் பார்த்த அந்தக் கண்ணாடி இருக்கிறது.

போன வருடம் மகள் அதை எடுத்துவந்து, "வாப்பா, இதுக்குள்ள சிலந்தி வலை கட்டியிருக்கு" என்றாள். டோர்ச் அடித்துப் பார்த்தேன். வலையல்ல, பூஞ்சணம். ஈரக்காற்றுள்ள கரையோர ஊர்களில் இது லேசாகப் பிடித்துவிடும். இருட்டும் ஈரமும் அதற்குப் போதும். வாப்பா பத்திரமென்று தோல் உறைக்குள் போட்டு அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பூஞ்சணம் வெளிவிடும் அமிலம் நாளடைவில் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். பிறகு துடைத்தும் பயனில்லை.

முன்பக்கத்தில் கீறல்களும் இருந்தன. அவை என் கைவேலை. இளந்தாரி வயதில் சாரன் தலைப்பால் அழுத்தித் துடைப்பேன். நமது கடற்கரை மணலின் பளிங்குத் துகள் கண்ணாடியை விடக் கடினமானது. தூசியோடு துடைத்தால் அதுவே அரமாகிவிடும்.

பஸராவில் 965இல் பிறந்த இப்னு அல்ஹைதம், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதில்லை, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுக்குள் நுழைகிறது என்று 'கிதாபுல் மனாழிர்' என்ற நூலில் விளக்கினார். வரும் ஒளிக்கு வழிவிடுவதே கமராக் கண்ணாடியின் வேலையும். சிறு கீறல் படத்தில் அநேகமாகத் தெரியாது. பூஞ்சணமோ ஒளியைச் சிதறடித்துப் படத்தையே வெளிறச் செய்யும். ஆகவே கீறலை அப்படியே விட்டேன். பற்பசை தேய்த்தால் போகும் என்றார் ஒருவர். அது பூச்சையும் சேர்த்து உரித்துவிடும்.

காது கழுவும் றபர் பம்பு ஒன்றைப் பாமசியில் வாங்கி, கண்ணாடியைக் கீழ்நோக்கிப் பிடித்துத் தூசியை ஊதினேன். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பிறகு மெல்லிய தூரிகை. அதன் பிறகுதான் துணி. மருதமுனைக் கைத்தறிப் பருத்தியில் பலமுறை கழுவி நைந்துபோன துண்டொன்று, மாப்போடாதது, வீட்டில் இருந்தது. அதில் ஐசோபுரோபைல் அல்ககோல் இரண்டு சொட்டு விட்டு, நடுவிலிருந்து வெளிநோக்கி வட்டமாக, அழுத்தாமல் துடைத்தேன். திரவத்தைக் கண்ணாடியில் நேரே ஊற்றினால் விளிம்பு வழியே உள்ளே இறங்கிவிடும். சில சர்ஜிகல் ஸ்பிரிட்டில் எண்ணெய் கலந்திருக்கும், படலம் விடும். நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். கைபேசிக் கமராவையும் மூக்குக் கண்ணாடியையும் முந்தானையால் துடைக்கும் சகோதரிகளும் முதலில் தூசியை ஊதிவிட்டால் நல்லது.

வெளிப்பூஞ்சணம் போயிற்று. உள்ளே ஓரத்தில் கொஞ்சம் இருந்தது. திருகாணியைக் கழற்ற எனக்குக் கை துருதுருத்தது. கழற்றினால் வில்லைகளை மீண்டும் நேராகப் பொருத்த என்னால் இயலாது என்று விட்டுவிட்டேன். இப்போது கமரா இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பைகளோடு இருக்கிறது. அந்தப் பைகளும் ஈரம் குடித்து நிறைந்துவிடும். இடையிடையே மாற்ற வேண்டும்.

ரோல் ஒன்று வரவழைத்தோம். மகள் தன் முதல் படத்துக்கு வாப்பாவை முற்றத்துக் கதிரையில் இருத்தினாள். எடுத்து முடிந்ததும் அவர் எழும்பவில்லை. கமராவைக் கையில் வாங்கி, கண்ணாடியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தத் தோல் உறைக்குள்ள மட்டும் திரும்பப் போட்டுராத புள்ள" என்றார்.