சோலைபாடியும் என் வீட்டுக் கூண்டும்

பெரட்டு மணிக்கு முன்பே எழுந்து பழகியவர்களுக்கு நான் சொல்லப்போகும் குரல் தெரிந்திருக்கும். தோட்டத்தின் கடைசி நிரைக்கு அப்பால், காடு தொடங்குகிற இடத்தில், இருட்டு முழுதும் விலகுவதற்குள் ஒரு பறவை பாடும். புல்லாங்குழலில் ஒருவர் விரலை ஓட்டிப் பார்ப்பது போல ஓர் இழுப்பு. அது முடியுமுன் வேறொரு மெட்டு. நடுவில் வேறு பறவையின் குரலைக் கேலி செய்வது போல ஒரு கத்தல். பாடியதையே பாடுகிறது என்று நினைத்தால் கூர்ந்து கேளுங்கள். எங்கேயாவது மாற்றியிருக்கும்.

மலாய்க்காரர்கள் இதை முராய் பத்து என்பார்கள். நம் லயங்களிலும் அதே பெயர்தான். தமிழில் இதற்குச் 'சோலைபாடி' என்ற அழகான பெயர் இருப்பதை நான் ஆசிரியராகிப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். தமிழ்நாட்டின் மேற்கு மலைக் காடுகளிலும் இப்பறவை உண்டு. நம் பாட்டன்மார் கப்பலை விட்டு இறங்கியபோது இங்கேயும் அது பாடிக்கொண்டுதான் இருந்தது.

நம் வீட்டுப் பின்புறம் வாலைத் தூக்கி ஆட்டிக்கொண்டு நடக்கும் கறுப்பு வெள்ளைக் குண்டுகரிச்சானைப் பார்த்திருப்பீர்கள். சோலைபாடி அதற்குப் பங்காளி. ஆனால் மனிதர் நடமாடும் இடத்துக்கு எளிதில் வராது. ஆணுக்குத் தலையும் முதுகும் மார்பும் மினுமினுக்கும் கருநீலம். வயிறு செங்கல் நிறம். வாலின் அடியில், முதுகு முடியும் இடத்தில், பளிச்சென்று ஒரு வெள்ளை. பெண் சற்று மங்கல், வாலும் குட்டை. வாலோடு சேர்த்து அளந்தால் 25 சென்டிமீட்டர் அளவு இருக்கும். அதில் பெரும்பகுதி வால்தான். எடையோ ஏறக்குறைய 30 கிராம், அதாவது ஒரு கோழிமுட்டையில் பாதி! அந்தப் பாதி முட்டைக்குள்ளிருந்துதான் ஒரு மலைச்சரிவு முழுதும் கேட்கும் குரல் வருகிறது.

என் தந்தையார் பால்மரம் வெட்டியவர். எங்கள் லயத்து வாசலில் ஒரு சோலைபாடியைக் கூண்டில் வைத்திருந்தார். பள்ளி விட்டு வந்ததும் லாலான் புல்லில் வெட்டுக்கிளி பிடிப்பது என் வேலை. காலையில் அது பாடினால் அப்பாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். "பய சந்தோசமா இருக்கான்டா" என்பார். நானும் அப்படியே நம்பினேன்.

இக்குரலுக்கு மயங்கியவர் நம்மவர் மட்டுமல்லர். 1889ஆம் ஆண்டில் ஜெர்மனியில் லுட்விக் கோக் என்ற சிறுவன், வீட்டுக் கூண்டில் இருந்த சோலைபாடியின் பாட்டை எடிசன் கருவியின் மெழுகு உருளையில் பதிவு செய்தான். உலகில் முதன்முதலாகப் பதிவான பறவைப் பாட்டுகளில் அதுவும் ஒன்று. அப்போது அவனுக்கு வயது எட்டு. 1931இல் நம் மலாயாவிலிருந்து சில பறவைகளை ஹவாயித் தீவுகளில் ஒன்றான காவாய்க்குக் கொண்டுபோய் விட்டார்கள். அவற்றின் வாரிசுகள் இன்றும் அங்கே பாடுகின்றன. சஞ்சிக்கூலிகளாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு இது ஒன்றும் புதுக்கதை இல்லை.

இனி நான் சொல்லவந்த செய்திக்கு வருகிறேன்.

சென்ற ஆண்டு ஒருநாள் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு அறிவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். விலங்குகள் தம் குஞ்சுகளை எப்படிப் பாதுகாக்கின்றன என்பது பாடம். பேச்சு பறவைகளின் பக்கம் திரும்பியது. "பறவை ஏன் பாடுகிறது?" என்று கேட்டுவிட்டு, அப்பாவின் விடையையே நானும் சொன்னேன். கடைசி வரிசையில் ஒரு பையன். வாரத்தில் ஒருநாளாவது பள்ளிக்கு வரமாட்டான். அவன் எழுந்து நின்றான்.

"சந்தோசத்துக்கு இல்ல சார். இது என் எடம், உள்ள வந்தா அடிப்பேன்னு சொல்லுது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மாமா கூண்டுல ஒன்ன எடுத்துக்கிட்டுப் போவாரு சார். அது பாடுனா காட்டுல உள்ளது சண்டைக்கு வரும். வந்தா மாட்டிக்கும்."

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழ் வாங்கிய நான் அறியாததை, பள்ளிக்கு மட்டம் போட்ட பிள்ளை அறிந்திருந்தான். அவன் சொன்னது முழுக்கச் சரி. ஆண் சோலைபாடி தனக்கென்று ஒரு சிறு துண்டுக் காட்டை, பெரும்பாலும் ஓடையோரப் புதரையும் மூங்கிலையும், சொந்தமாக்கிக்கொள்கிறது. பாட்டுதான் அதற்கு வேலி. பெண்ணை அழைப்பதும் அதே பாட்டுதான். அந்நியக் குரல் கேட்டால் ஒளியாது, முன்னால் வரும். ஆகவே எது நன்றாகக் காவல் காக்கிறதோ அதுதான் முதலில் பிடிபடுகிறது. அது போனதும் இடம் காலியென்று அடுத்த ஆண் வந்து அமர்கிறது. அதுவும் பாடுகிறது, அதையும் பிடிக்கிறார்கள். மரம் ஒன்றுகூட வெட்டப்படாமலே ஒரு காடு ஊமையாவது இப்படித்தான்.

அந்தச் சனிக்கிழமை அவனை அழைத்துக்கொண்டு மலையடி ஓடைக்குப் போனேன். என்னை அட்டை கடித்தது, அவனைக் கடிக்கவில்லை! மூங்கில் புதருக்குப் பக்கத்தில் பட்டுப்போன மரம் ஒன்று, என் நெஞ்சளவு உயரத்தில் பொந்து. கிட்டே போகாமல் புதருக்குப் பின்னால் உட்கார்ந்தோம்.

சோலைபாடியின் குடித்தனத்தை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். வேரும் இலையும் தண்டும் சேர்த்துக் கூடு கட்டுவது பெண் மட்டுமே. ஆண் பக்கத்தில் நின்று காவல் பார்க்கும். நான்கைந்து முட்டைகள், அடைகாப்பதும் பெண்தான், பன்னிரண்டு முதல் பதினைந்து நாள். குஞ்சு பொரித்த பிறகோ இரண்டும் மாறிமாறி இரை கொண்டுவரும். பன்னிரண்டு நாள் போலக் கூட்டில் இருந்துவிட்டுக் குஞ்சுகள் வெளியேறும். இந்தக் கணக்கெல்லாம் நான் புத்தகத்தில் படித்திருந்தேன். ஆனால் அங்கே வந்துபோனது ஒரு பறவைதான். பெண். வாயில் பூச்சியோடு வரும், உள்ளே நுழையும், பறக்கும். ஒரு மணி நேரத்தில் பதினொரு தடவை எண்ணினேன். அது வரும்போதெல்லாம் பொந்துக்குள் மஞ்சள் வாய்கள் திறந்தன. மூன்று தெரிந்தன.

"ஆண் எங்கே?" என்றேன்.

பையன் தரையைப் பார்த்தான். "புதன்கெழம புடிச்சோம் சார். கூடு இருக்கிறது அப்ப தெரியாது."

நேரே அவன் மாமா வீட்டுக்குப் போனேன். அவர் செம்பனைக் குலை வெட்டியவர். விழுந்து இடுப்பில் அடிபட்ட பிறகு நீளக் கோலைத் தூக்க முடியவில்லை, உதிரிப்பழம் பொறுக்குகிறார். வருமானம் பாதியாகிவிட்டது. பறவைக்கு நானூறு வெள்ளி பேசியிருந்தார்கள், அன்று மாலை ஆள் வரும் என்றார். நான் சட்டம் பேசினேன். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமமின்றி இதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம் என்றேன். 2022 நவம்பரில் பனாமாவில் நடந்த உலக மாநாட்டில் மலேசியாவும் சிங்கப்பூரும் சேர்ந்தே கேட்டு, நாடு விட்டு நாடு விற்பதற்கும் கட்டுப்பாடு வாங்கியிருக்கின்றன என்றேன். இந்தோனேசியாவில் பாட்டுப் போட்டிக்கென்று இவற்றைத் தேடித்தேடி வாங்குவதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரி வாத்தியாரே. ஒங்க வாசல்ல தொங்குறது எந்த மரத்துல காய்ச்சிச்சு?"

ஆம் வாசகர்களே, என் வீட்டு வாசலிலும் ஒரு கூண்டு இருக்கிறது. அப்பா இறந்த ஆண்டில், அந்தக் குரல் வீட்டில் இல்லாததைத் தாங்க முடியாமல், பட்டணத்துக் கடையில் வாங்கினேன். உரிமம் முறையாக எடுத்திருக்கிறேன். அந்தத் தாளில் என் பெயரும் முகவரியும் இருக்கின்றன. பறவை எந்தப் பொந்தில் பொரித்தது, அன்று அதன் கூட்டில் யார் காத்திருந்தார்கள் என்பது அதில் இல்லை. கடைக்காரரிடம் நானும் கேட்கவில்லை.

என் சட்டைப்பையில் இருந்ததைக் கொடுத்து அந்த ஆண் பறவையை வாங்கி விட்டுவிடலாமா என்று நினைத்தேன். காசு கொடுத்தால் அடுத்த வாரமும் எனக்காகவே ஒன்றைப் பிடிப்பார். கொடுக்காவிட்டால் மூன்று வாய்கள். முடிவெடுக்காமலே தேநீர் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். மாலையில் ஆள் வந்து வாங்கிப் போய்விட்டதாகத் திங்கட்கிழமை பையன் சொன்னான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கும் அவனைப் பார்க்கத் துணிவில்லை.

அடுத்த சனிக்கிழமை இருவரும் மறுபடி போனோம். பொந்து காலி. பாம்பு தின்றதா, குஞ்சுகள் வெளியேறினவா? கூடு கலையாமல் இருந்தது. வெகுநேரம் கழித்து மூங்கிலுக்குள்ளிருந்து 'டக், டக்' என்று அதட்டும் ஓசை கேட்டது. ஆள் வந்தால் சோலைபாடி போடும் சத்தம் அது. பையன்தான் கண்டுபிடித்தான். தாழ்ந்த கிளையில் உடம்பெல்லாம் புள்ளி போட்ட ஒரு குஞ்சு, வால் இன்னும் முளைக்காமல். ஒன்றுதான் தெரிந்தது. இருட்டும்வரை தேடியும் இரண்டாவது தென்படவில்லை.

"ஒங்களோடத எப்ப சார் வுடுவீங்க?" என்று வழியில் கேட்டான். ஆண்டுக்கணக்கில் கூண்டில் தின்று பழகியது இரை தேடாது, வேறொரு ஆணின் இடத்தில் போய் அடிபடும், இல்லாவிட்டால் மறுநாளே பிடிபடும் என்று விளக்கினேன். சொன்னதெல்லாம் உண்மை. எனக்கு வசதியான உண்மை என்பதும் உண்மை. அது செத்தால் இனி வேறொன்று வாங்கமாட்டேன் என்றேன். அவன் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று முதல் மாலைதோறும் வெட்டுக்கிளி பிடித்து வந்து கூண்டில் போடுகிறான். பள்ளிக்கும் ஒழுங்காக வருகிறான்.

இந்த மாதம் ஒருநாள் மணியடிக்குமுன் வந்து என் மேசையருகே நின்றான். ஓடைப் பக்கம் புது ஆண் ஒன்று வந்து பாடுகிறதாம், மெட்டு வேறாம். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மாமாகிட்ட சொல்லல சார்" என்றான்.

எந்தத் தோட்டம், எந்த ஓடை என்று நானும் உங்களுக்குச் சொல்லவில்லை.