ஸ்டூல் இருக்கு, உட்கார முடியுதா?

ஆடித் தள்ளுபடிக் கூட்டம் ஆரம்பம். விக்கிரவாண்டி, விழுப்புரம், திண்டிவனம் பக்கம் கடை வைத்திருக்கும் நண்பர்களுக்கு இந்தப் பதிவு. நானும் நாலு பேருக்குச் சம்பளம் போடுகிறவன்தான்.

தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947-இல் வந்தது. அதில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது 2021-இல். ஊழியர் எல்லோருக்கும் இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைத்தால் உட்காரலாம். கேரளத்தில் இது 2018-லேயே வந்துவிட்டது; அதற்கு முன் கோழிக்கோடு மிட்டாய்த் தெருப் பெண்கள் போராட வேண்டியிருந்தது.

பல கடைகளில் ஸ்டூல் இருக்கிறது. அதன்மேல் பிரிக்காத ஜாக்கெட் துணி பண்டல் உட்கார்ந்திருக்கிறது! புடவை எடுத்துப் போடும் பெண், ஒரு காலை மாற்றி ஒரு கால் ஊன்றி ரேக்கில் சாய்கிறார். கண் மட்டும் கேமரா பக்கம். கால் வீக்கம், நரம்புச் சுருட்டல் எல்லாம் இப்படித்தான் வருகிறது.

"உட்கார்ந்தா கஸ்டமருக்கு மரியாதை இல்லை" என்பார்கள். பேங்க் கேஷியர் உட்கார்ந்துதானே பணம் வாங்குகிறார்? யார் கோபித்தார்கள்?

பண்டலை இறக்கி வையுங்கள். "ஆள் இல்லாதப்ப உட்காரும்மா" என்று சூப்பர்வைசர் காதில் விழும்படி நீங்களே ஒருமுறை சொல்லுங்கள்.