பின்சக்கரத்தின் பதினெட்டுக் குண்டுகள்

மிதிவண்டியின் பின்சக்கரத்தைப் பிரித்துப் பூட்டிய வரலாற்றை யாம் இவ்விதழுக்கு எழுதப் போகின்றோம் என்றபொழுது வகுப்புத் தோழர் சிலர் நகைத்தனர். சொற்களைப் பிரிப்பதும் புணர்ப்பதுமே தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவர்க்கு உரிய தொழில் என்பது அவர்தம் கருத்துப் போலும். சொல்லைப் பிரித்தவன் அதனை மீண்டும் புணர்க்க இயலாது தவித்தால் ஒரு மதிப்பெண் குறையும், அவ்வளவே. சக்கரத்தைப் பிரித்தவன் நிலை அத்தகையதன்று.

எம் தந்தையார் பாளையங்கோட்டையில் வீடுதோறும் செய்தித்தாள் இடுபவர். வைகறை நான்கு மணிக்கு அவர் வண்டி புறப்பட்டாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் இணைப்பிதழ்களும் சேர்தலின் சுமை மிகும். சென்ற ஆடித் திங்களில் ஒரு சனிக்கிழமை மாலை, அவ்வண்டியின் பின்சக்கரம் கரகரவென ஒலிப்பதையும், ரிம்மைப் பிடித்து அசைத்தால் இருபுறமும் ஆடுவதையும் கண்டோம். பழுது பார்க்கும் அண்ணாச்சியோ கோயிற்கொடைக்காகத் தம் ஊர் சென்றிருந்தார். தந்தையார் கண்ணயர்ந்திருந்த வேளையில், அவரைக் கேளாமலே, அப்பணியை யாமே மேற்கொண்டோம். அன்பே காரணமென்று எழுத ஆசைதான். செருக்கும் பாதியளவு இருந்தது.

ஸ்டாண்டு, மட்கார்டுக் கம்பி, கேரியர்க் கால் யாவும் அச்சின் இரு முனைகளிலேயே மாட்டப்பட்டிருத்தலின், கழற்றிய வாஷர்களை வரிசை மாறாது ஒரு நூலிற் கோத்து வைத்தோம். அன்று யாம் செய்த அறிவுடைச் செயல் இஃதொன்றே. பிரீவீல் உள்ள பக்கத்துக் கோனைத் தொடாது, இடப்பக்கத்து நட்டையும் கோனையும் மட்டும் திருகிக் கழற்றி, அச்சை வலப்புறமாக உருவினோம். கீழே துணி விரிக்க மறந்தோம். கால் அங்குலக் குண்டுகள் சிமெண்டுத் தரையில் நாற்றிசையும் ஓடின.

ஹப்பினுள் ஒளிந்திருக்கும் வித்தை பெரிதன்று, ஆயினும் வியக்கத்தக்கது. இரு முனையிலும் கிண்ணம் போன்ற குழிவு. அச்சின்மேல் திருகிய கோன். இரண்டிற்கும் இடையே பக்கத்திற்கு ஒன்பதாகப் பதினெட்டு எஃகுக் குண்டுகள். இரும்பு இரும்பொடு தேயாமல் உருண்டு செல்கின்றது. ஒரு மனிதரும் அவர் சுமக்கும் அவ்வளவு செய்தித்தாளும் அச்சிறு குண்டுகளின் மேலேயே நிற்கின்றன. பிரான்சு தேசத்தில் 1869ஆம் ஆண்டு பாரிசிலிருந்து ரூவான் நகர்வரை நடந்த பந்தயத்தில் வென்ற ஜேம்ஸ் மூர் என்பாரது வண்டியில் இத்தகைய குண்டுகள் இருந்தன என்று படித்துள்ளோம்.

பொறுக்கி எண்ணினோம். பதினேழு! மீண்டும் எண்ணினோம், அப்பொழுதும் பதினேழே. பானையடியிலும் அரிசிப் பெட்டியின் பின்னும் வாயிற்படிச் சந்திலும் தேடினோம். எம் தாயார் துடைப்பத்தால் வீடு முழுதும் இருமுறை பெருக்கினார். ஒரு பொத்தானும் ஐம்பது காசும் கிடைத்தன. மணி பத்தாயிற்று. ஒரு பக்கம் எட்டே இட்டு மூடிவிட்டால் யார் அறிவர் என்ற எண்ணம் அப்பொழுது தோன்றியது. கிரீசுக்குள் புதைந்த குண்டை எண்ணுவார் இல்லை. வண்டியும் ஓடும். ஆயினும் ஒன்பது தாங்கும் பாரத்தை எட்டுத் தாங்க வேண்டும். கோன் விரைவிற் குழிவிழும். அப்பாரத்தோடு இருளில் தனியே செல்பவர் யாரென்பதை எண்ணிய பின் கை ஓடவில்லை.

எழுப்பி, நடந்ததைச் சொன்னோம். தந்தையார் எழுந்து வந்து, குண்டுகளைச் சிறிது நேரம் நோக்கியிருந்துவிட்டு, “நீ கழற்றும் முன்னரே பதினேழுதானடா. போன ஐப்பசி மழையில் நடுவழியில் நானே பிரித்தேன். ஒன்று சாக்கடையில் விழுந்துவிட்டது. இன்று மாற்றலாம், நாளை மாற்றலாம் என்றே ஓட்டிவிட்டேன். உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை” என்றார். துடைப்பத்தோடு நின்ற எம் தாயார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்த பார்வையை எழுத எமக்குத் திறமில்லை.

மண்ணெண்ணெயிற் கழுவித் துடைத்து, குழிவுகளில் கிரீசு தடவி, குண்டுகளை அதில் ஒட்டவைத்து, அச்சைச் செலுத்தினோம். கோனை விரலால் இறுக்கிச் சிறிதே தளர்த்திவிட்டு, மெல்லிய ஸ்பானரால் அதனை அசையாது பிடித்துக்கொண்டு வெளிநட்டை முடுக்க வேண்டும். முடுக்குகையில் நட்டுக் கோனை மேலும் உள்ளே தள்ளும். ஆதலின் முன்னரே மயிரிழை தளர்வு வைத்தல் இன்றியமையாதது. எம் கையில் ஒருமுறை அதிகம் இறுகிற்று. மறுமுறை சக்கரம் ஆடிற்று. மூன்றாம் முறை தந்தையார் ஸ்பானரைப் பிடித்துக்கொண்டார்.

ஞாயிறன்று வண்டி எட்டுக் குண்டுகளோடே சென்று திரும்பியது. திங்கள் மாலை அண்ணாச்சி கடையில் குண்டுகள் பதினெட்டும் புதிதாகவே வாங்கினோம். தேய்ந்தவற்றோடு புதியதொன்றைச் சேர்த்தால் பாரம் ஒப்ப விழாதாம். குழிவிழுந்திருந்த இடப்பக்கத்துக் கோனுக்கும் மாற்று வாங்கினோம். அன்றிரவு எம் தாயாரின் பழஞ்சேலை தரையில் விரிக்கப்பட்டிருந்தது. தந்தையார் டார்ச்சு விளக்கைப் பிடித்து, யாம் ஒவ்வொன்றாய் இட இட, உரக்க எண்ணினார்.