சரிபார்ப்புக்கு எத்தனை கை?

கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலைப் பற்றி எழுதாமல் கம்ப்யூட்டரைப் பற்றி எழுதுகிறானே என்று நண்பர்கள் நினைக்கலாம். விஷயம் சரிபார்ப்பைப் பற்றியது. குமாஸ்தாவுக்கு அது சொந்த விஷயம்.

பேத்தி வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை பார்க்கிறாள். யார் எந்தத் திருத்தம் செய்தாலும் நிரல் முழுவதையும் புதிதாக ‘பில்ட்’ செய்து சோதிக்க ஒரு ஸ்கிரிப்ட் உண்டாம். ஓடி முடிய ஒரு மணி நேரம். “அதனால பல பேர் ஓட்டாமலே அனுப்பிடறாங்க, தாத்தா” என்றாள்.

காரைக்காலில் எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் பெருக்கல் போட்டதும் ‘ப்ரவ் பார் நெஃப்’, அதாவது ஒன்பதால் சரிபார்ப்பு, செய்தாக வேண்டும். அரை நிமிட வேலை, எல்லாரும் செய்தோம். ஆபீசில் 200 பக்கப் பதிவேடு என்றால் பார்க்காமலே ‘சரிபார்க்கப்பட்டது’ என்று கையெழுத்து விழும். சோதனை நீண்டால் நடக்காது.

‘மேக்’ என்றொரு கருவி. 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. எந்தக் கோப்புக்கு முன் எது முடிய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் வரிசையை அதுவே பார்த்துக்கொள்ளும். ‘ஜே’ என்ற குறியோடு ஓர் எண்ணும் கொடுத்தால் அத்தனை வேலைகளை ஒரே சமயத்தில் நடத்தும். எண் கொடுக்காவிட்டால் வரம்பே கிடையாது. மெமரி நிரம்பித் திணறும். எட்டு கோர் இருந்தும், மெமரியைக் கணக்கிட்டுப் பேத்தி 4 என்று வைத்தாள்.

ஒருநாள் ‘கோப்பு இல்லை’ என்று நின்றது. மறுமுறை ஒழுங்காக ஓடியது. ஒரு கோப்பு இன்னொன்றை நம்பியிருப்பதை யாரோ எழுதாமல் விட்டிருந்தார்கள். ஒவ்வொன்றாக ஓடியவரை அந்தக் குறை வெளியே தெரியவில்லை. “பழையபடி 1 என்றே வை” என்றார்களாம் சிலர். அவள் விடுபட்ட வரியைத் தேடி எழுதினாள்.

வாக்கு எண்ணிக்கையில் ஒரு தொகுதிக்கு வழக்கமாக 14 மேசைகள். ஆனால் கூட்டுத்தொகை தேர்தல் அலுவலர் மேசை ஒன்றில்தான். 1967இல் ஜீன் ஆம்டால் சொன்ன கணக்கும் இதுவே. 60 நிமிட வேலையில் பிரிக்க முடியாதது 12 என்றால், மீதி 48ஐ நான்கு கைகள் 12 நிமிடத்தில் முடிக்கும், மொத்தம் 24. எத்தனை கை சேர்த்தாலும் 12க்குக் கீழே வராது.

இப்போது 24 நிமிடத்தில் முடிகிறதாம். ஓட்டிப் பார்த்துத்தான் அனுப்புகிறார்களாம்.

“ஏம்மா, சோதனை எதையாவது குறைத்தாயா?”

“ஒண்ணுகூட இல்லை, தாத்தா.”

எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.